டாக்டர் தங்காத தீவுகள்



"ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் இல்லீங்க." இந்தப் பேச்சு நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பிஜித் தீவுகளிலும் இதே பேச்சுதான். அங்கே 1879-இல் லியோனிடாஸ் கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளிகள் வந்திறங்கினார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

பிஜியில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள். மக்களோ சுமார் 9 லட்சம். 1875-இல் தட்டம்மை பரவி, பூர்வகுடிகளில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். லியோனிடாஸ் கப்பலிலும் காலராவும் பெரியம்மையும் கூடவே வந்தன. 1885-இல் சுவாவில் உள்ளூர் இளைஞர்களுக்கு அம்மை குத்தக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுவே பின்னாளில் பிஜி மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது.

சொந்தப் பள்ளி இருந்தும் ஏன் பஞ்சம்? 1987-இல் ராணுவம் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்தது. இந்திய வம்சாவளி டாக்டர்கள் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போய்விட்டார்கள். கொரோனாவுக்குப் பின் நர்சுகளும் அதே வழியில் போனார்கள். படிக்க வைத்தது சின்ன நாடு, பலன் பணக்கார நாட்டுக்கு!

போனவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? நம் மலேசியாவிலேயே 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த டாக்டர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்களே, என்ன கேட்டார்கள்? நிரந்தர வேலை, மேற்படிப்புக்கு வழி. தொழிலாளி கேட்பதும் அதுதானே? வேலைக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் யார் தங்குவார்?

ஆனால் டாக்டர் வரும்வரை வியாதி காத்திருக்காது. பிஜியின் தூரத்துக் கிராமங்களில் நர்ஸ் ஒருவரே சுகாதார நிலையத்தை நடத்துகிறார். நம் தோட்டத்து டிரெசர் செய்து வந்ததும் அந்த வேலைதான். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-லேயே இங்கே சட்டம் வந்தது.

ஆகவே தோழர்களே, உங்கள் தோட்டத்தில் பதிவு பெற்ற டிரெசர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா, ராத்திரியில் அவசரமென்றால் வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். படிக்கிற பிள்ளைகளை நர்ஸ் வேலைக்கும் உற்சாகப்படுத்துங்கள். நம் ஊர்ப் பிள்ளை நம் ஊரில் தங்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. டிரெசர் இல்லை என்று சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு ஒரு நடை போய் வாங்கிக்கிடுங்க.