திட்டத்தை மாற்றும் முன்

"அப்பா, படம் மறுபடியும் நின்றுவிட்டது!"

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, எங்கள் வீட்டில் நாள்தோறும் கேட்ட குரல் இது. என் மகளின் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. ஆசிரியர் விளக்கிக்கொண்டிருப்பார், பாதி வாக்கியத்தில், வாய் திறந்தபடியே திரையில் நிலைத்துவிடுவார். வரவேற்பறையில் அமர்ந்து அலுவலக வேலை பார்த்த எனக்கோ ஒரு சிக்கலும் இல்லை. அதனால், பாடத்தைத் தட்டிக்கழிக்க அவள் சாக்குச் சொல்கிறாள் என்றே முதலில் நினைத்தேன்.

பிறகு, பலரும் செய்வதையே நானும் செய்தேன். இணையச் சேவை நிறுவனத்தை அழைத்து, 500 மெகாபிட் திட்டத்திலிருந்து 1 கிகாபிட் திட்டத்துக்கு மாறினேன். மாதக் கட்டணம் கூடியது. மகளின் அறையில் எந்த மாற்றமும் இல்லை.

காரணம் எங்கள் வீட்டுப் பாதுகாப்பறையில் இருந்தது. 1998ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு இத்தகைய பாதுகாப்பு வசதி வேண்டும். இரும்புக் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. ஆபத்துக் காலத்துக்காக அமைந்த அந்த அறை, மற்ற நாள்களில் நம்மில் பலருக்கு அரிசி மூட்டையும் பயணப்பெட்டிகளும் அடுக்கும் சாமான் அறை. கண்ணாடியிழைக் கம்பி வந்து சேரும் முனை எங்கள் வீட்டில் அங்கேதான் இருந்தது. எனவே ரவுட்டர் எனப்படும் திசைவியையும் அங்கேயே, பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டோம். கண்ணில் படாமல் இருந்தது. வரவேற்பறையும் பார்க்க அழகாக இருந்தது. வெடிப்பின் அதிர்வைத் தாங்குவதற்காகக் கட்டிய சுவர், வானலையை மட்டும் எளிதாக வெளியே விட்டுவிடுமா?

ஆகவே என் கருத்து இதுதான்: இணையம் மெதுவாக இருந்தால், கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் வீட்டை அளந்து பாருங்கள். மடிக்கணினியை ஒரு கம்பியால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். பின்னர் கம்பியைக் கழற்றிவிட்டு, அறை அறையாகச் சென்று சோதியுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது, கம்பியில் நொடிக்கு 900 மெகாபிட்டுக்கு மேல் வந்தது. பாதுகாப்பறையை ஒட்டிய வரவேற்பறையில் 200. மகளின் மேசையில் 4. அந்த நான்கும் நிலையாக நிற்கவில்லை. நாங்கள் வாங்கிய வேகம் வீட்டு வாசல்வரை ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு வீட்டுக்கு ஒரே இணைய வேகம் என்று எதுவும் இல்லை. யாருக்கு எந்த அறையோ அதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் வேகம். கட்டணம் கட்டுகிற பெரியவர் பெரும்பாலும் ரவுட்டருக்கு அருகில் அமர்கிறார். கடைசி அறையில் படிக்கிற பிள்ளையின் சிரமம் அவருக்குத் தெரிவதில்லை. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கற்றல் சாதனம் வைத்திருக்கும் இக்காலத்தில் இது சிறிய விஷயமன்று.

ரவுட்டர் அனுப்பும் அலைகளைப் பற்றியும் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடி வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு எல்லாம் அதே அலையைப் பயன்படுத்துவதால் நெரிசலும் அதிகம். நுண்ணலை அடுப்புகூட அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது; ஆனால் ஒவ்வொரு சுவரிலும் அதிகமாக வலுவிழக்கும். புதிய ரவுட்டர்களில் உள்ள 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் இன்னும் பெரிய தடை. மீன்தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, உலோக அலமாரி ஆகியவற்றுக்குப் பின்னால் ரவுட்டரை வைப்பதும் தவறுதான். வீட்டின் நடுப்பகுதியில், உயரமான, திறந்த இடமே அதற்கு ஏற்றது.

"எல்லா அறைகளுக்கும் ஒரே ரவுட்டர் போதுமா?" என்று கேட்கலாம். நீளமான வீட்டுக்குப் போதாமல் போகலாம். அப்போது மெஷ் எனப்படும் இரட்டைக் கருவிகள் உதவும். ஆனால், இரண்டாவது கருவியை அலையே எட்டாத அறையில் கொண்டுபோய் வைப்பவர்கள் பலர். தனக்கே எட்டாத அலையை அது எப்படி மற்றவர்க்குக் கொடுக்கும்? பாதி வழியில் வைக்க வேண்டும். முடிந்தால் இரண்டையும் கம்பியால் இணைக்க வேண்டும். புதிய வீவக வீடுகள் பலவற்றில் இதற்கான இணைப்புகள் அறைச் சுவரிலேயே இருக்கின்றன. பல வீடுகளில் அவற்றை மறைத்துக் கட்டில் போட்டிருக்கிறார்கள்!

திட்டத்தை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கம்பியில் சோதித்தபோதும் வேகம் குறைவாக இருந்தால், நிறுவனத்தைக் கேட்கத்தான் வேண்டும். அதற்குமுன் கம்பியையும் ரவுட்டரையும் பாருங்கள். பழைய ரவுட்டர்கள் சிலவற்றின் கம்பி இணைப்பில் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் செல்லாது. 1 கிகாபிட்டுக்குப் பணம் கட்டிவிட்டு அதில் பத்தில் ஒரு பங்கைப் பெறுகிறவர்களும் உண்டு. இப்போது 10 கிகாபிட் திட்டங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. காணொளிப் பாடம் ஒன்றுக்கு நொடிக்குச் சில மெகாபிட்டே போதும் என்பதை விளம்பரங்கள் நமக்குச் சொல்வதில்லை.

புதிய ரவுட்டர் வாங்குவோர் பெட்டியின்மேல் இணையப் பாதுகாப்பு முத்திரையின் நிலையையும் கவனிக்கலாம். 2020இல் தொடங்கிய அந்த முத்திரைத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட கருவிகளுள் ரவுட்டரும் ஒன்று.

நாங்கள் புதிய ரவுட்டர் எதுவும் வாங்கவில்லை. கடைக்குச் சென்று 15 மீட்டர் கம்பி ஒன்றை வாங்கிவந்து, பழைய ரவுட்டரை நடைவழியில் உள்ள புத்தக அலமாரியின்மேல் ஏற்றினோம். மகளின் மேசையில் மறுபடியும் சோதித்தபோது 180 காட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சுவரோரமாக ஓடும் அந்தக் கம்பி மட்டும் என் மனைவிக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.