எல்லா இருமலுக்கும் பனி காரணமல்ல

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் யாராவது இருமினால், "பனி ஒத்துக்கலையா?" என்றுதான் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். பனி இல்லையென்றால் சாரல், ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்து, ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் புகை. போடியில் செவிலியராக இருக்கும் நான் இந்தக் காரணங்களைத் தினமும் கேட்கிறேன். பலருக்கு அது உண்மையாகவும் இருக்கும். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கோ அந்த நினைப்பே உயிருக்கு ஆபத்து.

பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகும் ஓர் அக்கா வந்தார். "மூணு வாரமா வறட்டு இருமல் சிஸ்டர், சரிவுல ஏறினா மூச்சு வாங்குது" என்றார். உட்கார்ந்திருந்தபோது ஆக்சிஜன் அளவு 96. வராந்தாவில் இரண்டு முறை நடக்கச் சொன்னேன்; 87க்கு இறங்கிவிட்டது. எச்.ஐ.வி. மாத்திரையை அவர் விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலைப் பிடித்திருந்தது. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு வந்த இதே நிமோனியாதான் எய்ட்ஸ் என்ற நோயை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே போனால் இது எளிதாகத் தாக்கும். விலை மலிந்த கோட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தினமும் போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இதைவிட நம் நாட்டில் அதிகம் காண்பது காசநோய். மற்றவர்களுக்கு இரண்டு வார இருமலுக்குப் பரிசோதனை என்போம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒரு நாள் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதிக்க வேண்டும். சளியைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தப்பிவிடக்கூடும். கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை தேவை.

அந்த அக்கா மாத்திரையை விட்டது அலட்சியத்தால் அல்ல. விடியுமுன் ஜீப் கிளம்புகிறது, இருட்டும்போது திரும்புகிறது. மருந்து தரும் மையமோ பகலில்தான் திறந்திருக்கும். போனால் ஒரு நாள் கூலி போச்சு. வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. உடம்பு தேறியவர்களுக்குச் சில மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கும் வழி இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலையிலாவது மையம் திறக்க வேண்டும். வேலை இடுக்கியில், வீடு தேனியில் என்று வாழ்பவர்கள் எந்தப் பக்கம் போனாலும் மருந்து கிடைக்கும்படி இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் கைகோக்க வேண்டும்.

தோட்ட முதலாளிகளுக்கும் கங்காணிகளுக்கும் ஒரு வார்த்தை: எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மாத்திரை போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இருமல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள்; உங்கள் நிலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை விட்டவர்கள் மறுபடி தொடங்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 1097க்கு அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.