ஐ எத்தனை?

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நின்றான்.

“மாமா, கொட்டேஷன் வாங்கிட்டேன். நீங்க ஒரு தடவை பாத்துட்டா நாளைக்கே போய் எடுத்துரலாம்.”

ரிச்சி தெருக் கடை ஒன்றில் எழுதிக் கொடுத்தது. கேமிங் பிசி, பட்ஜெட் 60,000 ரூபாய். முதல் வரியில் பிராசசர்: ஐ7-12700எஃப். அடுத்து அதற்கேற்ற மதர்போர்டு. பிறகு ரேம், எஸ்எஸ்டி, கண்ணாடிக் கதவு வைத்த கேபினட், வண்ண விளக்கு எரியும் மூன்று ஃபேன்கள். கடைசிக்கு முந்தின வரியில், பந்தி முடிகிற நேரத்தில் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்த சொந்தக்காரர் மாதிரி, கிராபிக்ஸ் கார்டு: ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி.

“லிஸ்ட் போட்டது யாருடா?”

“கடைக்காரர்தான். ஆனா ஐ7 இருக்கணும்னு அம்மா சொல்லிவிட்டாங்க.”

அக்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் கேள்வியே ‘ஐ எத்தனை?’ என்பதுதான். ஐ3 என்றால் ஓர் அனுதாபப் பார்வை. ஐ7 என்றால் பையன் தேறிவிடுவான். எந்த வருஷத்து ஐ7 என்று யாரும் கேட்பதில்லை. 2011-இல் வந்த ஐ7-2600க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100எஃப்புக்கும் அதே நான்கு, அதே எட்டு. பக்கத்தில் வைத்து ஓட்டினால் தம்பிதான் வெகுதூரம் முந்துவான்.

அந்த 2600-ஐ நானே வாங்கியவன். சம்பளத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் பிராசசரில் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கிடைத்த ஜிடி 520 கார்டைச் செருகினேன். அந்த வருஷக் கடைசியில் பேட்டில்ஃபீல்டு 3 வந்தது. போட்டுப் பார்த்தால் போர் நடக்கவில்லை. யாரோ கல்யாண ஆல்பம் புரட்டிக் காட்டினார்கள். ஒரு படம், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு படம். பிராசசர் மீது எந்தத் தப்பும் இல்லை. அது கைகட்டிச் சும்மா நின்றிருந்தது.

அக்கா மகனுக்குப் புரிய வைக்க ஓட்டலுக்குப் போக வேண்டியிருந்தது. மனசால்தான்.

சர்வர் ஆர்டர் எடுத்து உள்ளே குரல் கொடுக்கிறார். தோசை மாஸ்டர் கல்லில் ஊற்றுகிறார். பிராசசர்தான் சர்வர். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, சுவர் இடிந்தால் செங்கல் எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ‘இதை வரை’ என்று சீட்டு அனுப்புவது அதன் வேலை. வரைவது கார்டு. சாதா தோசை கேட்டவர் நெய் ரோஸ்ட்டுக்கு மாறினால் சர்வருக்கு அதே ஒரு குரல்தான். நேரம் பிடிப்பது கல்லில். 1080பி திரையில் ஒரு படத்துக்குச் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். நிழலும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் கூடக் கூட நெய் ஏறுகிறது. (தெருவில் எத்தனை பேர் நடமாட வேண்டும், எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்பது மாதிரி சில செட்டிங்குகள் சர்வரையும் ஓடவிடும். ரே டிரேசிங்கும் அப்படித்தான்.)

வாலரண்ட் சாதா தோசை. கல் சட்டென்று காலியாகிவிடும்; சர்வர்தான் ஓட வேண்டும். சைபர்பங்க் 2077, செட்டிங்கை ஏற்றிவிட்டால், முழு நெய் ரோஸ்ட்.

“அப்ப ரெண்டும் சரிசமமா இருக்கணுமா மாமா?”

சரிசமம் என்று ஒன்று கிடையாது. எந்த ஓட்டலிலும் யாராவது ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் காத்திருப்பது சர்வராக இருக்கட்டும். கல் மெதுவானால் தோசை மெதுவாக, ஆனால் சீராக வரும்; செட்டிங்கைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சர்வர் திணறினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, பிறகு மூன்று ஒன்றாக வரும். பையன்கள் ‘லேக் அடிக்குது’ என்று கத்துவதில் பாதி இந்த ரகம். இதற்கு நெய்யைக் குறைத்துப் பலனில்லை.

இணையத்தில் இரண்டு பாகங்களின் பெயரைத் தட்டினால் பொருத்தம் இத்தனை சதவீதம் என்று சொல்லும் தளங்கள் உண்டு. ஜாதகக்காரராவது நட்சத்திரம் கேட்பார். இவை எந்த விளையாட்டு, எந்தத் திரை என்றுகூடச் சரியாகக் கேட்காமலே தாலி கட்டச் சொல்லும்.

வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருப்பவர்கள் சல்லிக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். விளையாட்டின் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) எகிறினால் இதுவரை தடுத்தது கார்டு. அசையாமல் நின்றால் பிராசசர். டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசசரில் ஒன்றே ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். ‘பிராசசர் முப்பதுகூடத் தொடலையே’ என்று நிம்மதியாக இருப்போம். உள்ளே ஒருத்தன் மட்டும் செத்துக்கொண்டிருப்பான்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. இவன் நண்பன் ஒருவன் அப்பாவின் பழைய 2600 மெஷினில் ஆர்எக்ஸ் 6600 கார்டைச் செருகிவிட்டு, வாங்கிய காசுக்கு வேகம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறான். பிராசசர் கிழம் என்பது ஒன்று. கார்டுக்குப் போகும் பாதை இன்னொன்று. அந்தக் கார்டு பிசிஐஇ 4.0-இன் எட்டு லேன்களுக்காகச் செய்தது. 2600 தருவது 2.0. அதே எட்டு லேனில் கால்பங்கு வேகம்தான் கிடைக்கும்.

அக்கா மகனிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. என்ன விளையாடப் போகிறாய்? வாலரண்ட் தினமும், சைபர்பங்க் லீவு நாளில். மானிட்டர் எது? அப்பாவுடையது, 1080பி, 60 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60 படம், ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் ஒரு படத்துக்கு ஏழு மில்லிசெகண்ட்கூட இல்லை. அப்போது பிராசசருக்கு இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம். இப்போதைக்கு ஆறு கோர் தாராளம்.

சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். ரைசன் 5 5600, பி550 போர்டு, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி. கார்டின் விலை பிராசசர் விலையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. இந்தப் பட்ஜெட்டில் என் கணக்கு அதுதான். ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக இல்லாமல் 8, 8 என்று இரண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்கு வண்ண விளக்குகளைப் பலி கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவில்லை. பெயர் தெரியாத டப்பா போய்ச் சேரும்போது தனியாகப் போகாது.

திங்கட்கிழமை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, “சார், பேருக்கு ஐ7 இருந்தா பின்னாடி விக்கும்போது மதிப்பு” என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அக்காவைப் போல வாங்குபவர்கள் இருக்கிறார்களே.

சாயங்காலம் வீட்டில் பூட்டி ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பையன் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து பார்த்தேன். மானிட்டர் ஒயரை மதர்போர்டில் குத்தியிருக்கிறான். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. அங்கே குத்தினால் எந்த ஜென்மத்திலும் படம் வராது. கார்டுக்கு மாற்றியதும் வந்தது.

அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கேபினட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். முன்பக்கம் ஒட்டியிருந்த ரைசன் ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஏண்டா, இதுல ஐ-யே காணோமே?”