பொய்க் கேள்வி பாவமா?

எங்களோடு பிரிட்ஜ் ஆடும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு யோசனை கொண்டுவந்தார். கையில் இல்லாத சீட்டை இருப்பதுபோல் காட்டி ஏலம் கேட்பது ஏமாற்று வேலையாம். ஆகவே நம் ஆட்டத்தில் அதை அடியோடு தடை செய்யவேண்டுமாம். நாலைந்து பேர் தலையாட்டிவிட்டார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

சீட்டாடாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு 13 சீட்டு. ஆட்டத்துக்கு முன் ஏலம் நடக்கும். நம் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கூட்டாளிக்குச் சொல்லும் ஒரே வழி அந்த ஏலக் கேள்விதான். அதன் அர்த்தம் எதிரணிக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பது விதி. ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் கட்டு முழுவதற்கும் 40 புள்ளி. ஏலத்தைத் தொடங்கக் கையில் ஏறக்குறைய 12 வேண்டும். வெறும் 4 புள்ளியை வைத்துக்கொண்டு ஒருவர் ‘ஒரு இஸ்பேட்’ என்று (எனக்கு இன்றும் ‘பீக்’ என்றுதான் வாயில் வரும்) துணிந்து தொடங்கினால், அதற்குப் பெயர் சைக்கிக் கேள்வி. 1930களில் அமெரிக்காவில் டோரதி சிம்ஸ் என்ற அம்மையார் இதைப்பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

எதிரணி நம்பிப் பின்வாங்கினால் லாபம்தான். ஆனால் அதே பொய்யைக் கூட்டாளியும் அல்லவா நம்புகிறார்? அவர் கையில் நல்ல சீட்டு இருந்தால் சந்தோஷமாக ஏலத்தை ஏற்றிக்கொண்டே போவார். வல்னரபிள் நிலையில் எதிரணி ‘டபுள்’ சொல்லி, நமக்கு நாலு பிடி குறைந்தால் 1100 புள்ளி போச்சு. எதிரணி ஒழுங்காக நாலு ஆட்டின் கேட்டு, கேட்ட பிடியை எடுத்திருந்தால்கூட அவர்களுக்கு 620தான் கிடைத்திருக்கும். இந்த நஷ்டத்துக்குத் தயாராக இருப்பவனை ஏமாற்றுக்காரன் என்று எப்படிச் சொல்வது?

குழப்பம் நம் சொல்லில் இருக்கிறது. தமிழில் இரண்டையும் ‘ஏமாற்று’ என்றுவிடுகிறோம். பிரெஞ்சில் ‘ப்ளெஃப்’ வேறு, ‘த்ரிஷ்’ வேறு. முன்னது ஆங்கிலத்திடம் கடன் வாங்கிய சொல்தான், போகட்டும். ப்ளெஃப் செய்பவன் விதிக்குள் நின்று மிரட்டுகிறான். த்ரிஷ் செய்பவன் விதியையே திருடுகிறான். பள்ளியில் எங்கள் வாத்தியாரிடம் இரண்டையும் மாற்றிச் சொன்னால் நோட்டில் சிவப்பு மை விழும்.

நான் டெண்டர் கோப்புகளோடு பல வருஷம் குப்பை கொட்டியவன். ஒப்பந்தக்காரர் தன் விலையை மூடிய உறைக்குள் ஒளித்துவைப்பார், வேலையே வேண்டாதவர்போல் வராந்தாவில் நடப்பார். அது குற்றமில்லை. இரண்டு பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, போட்டி போடுவதுபோல் இரண்டு உறை போட்டால் அது குற்றம். பிரிட்ஜிலும் கோடு அங்கேதான். விதிப் புத்தகத்தின் 40ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் சொல்லிவைத்த முறையிலிருந்து விலகிக் கேட்கலாம், ஆனால் அது உங்கள் கூட்டாளிக்கு எதிரணியைவிட அதிகமாகத் தெரிந்திருக்கக்கூடாது. திரும்பத் திரும்ப அதையே செய்தால் அது சொல்லாமலே ஓர் உடன்பாடு ஆகிவிடும். ‘இவர் மூன்றாவதாகக் கேட்டால் பாதி பொய்தான்’ என்று கூட்டாளிக்குப் பழக்கத்தில் தெரிந்து, அவர் ஏற்றாமல் கமுக்கமாக ‘பாஸ்’ சொல்கிறாரே, அங்கேதான் அயோக்கியத்தனம்.

பெரிய ஆட்டங்களை உலுக்கிய வழக்குகளும் இந்தக் கூட்டாளி ரகசியம் பற்றியவைதான். 1965இல் புவனோஸ் ஐரிஸில் ரீஸ், ஷபீரோ என்ற பிரிட்டிஷ் ஜோடிமீது, சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஆட்டின் எண்ணிக்கையைச் சொன்னார்கள் என்று புகார். உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது, பின்னர் பிரிட்டனில் நடந்த விசாரணை இல்லை என்றது. 1975இல் ஓர் இத்தாலிய ஜோடி மேஜைக்கடியில் காலால் தட்டியதற்காகக் கண்டனத்தோடு விடப்பட்டது. கண்டனம் மட்டும்!

நம் மேஜைகளில் கால் தட்டுவதில்லை. இருமுகிறோம். நல்ல சீட்டு என்றால் சட்டென்று ‘பாஸ்’, சந்தேகம் என்றால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு நிமிஷம் கழித்து ‘பாஸ்’. எதிரே இருப்பவர் இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்கிறார். முப்பது வருஷம் சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு அகராதி வேண்டாம். தடை கேட்கும் நண்பர்கள் இதைப்பற்றி ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? துணிந்து பொய் சொல்லி 1100 தோற்றவரைத் திட்டுவது சுலபம், இருமலைத் திட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோகும். அதுதான் காரணம்.

ஆகவே தடைக்கு என் ஓட்டு கிடையாது. ஒரு 40 பக்க நோட்டு போடுவோம். யார் எந்தத் தேதியில் பொய்க் கேள்வி கேட்டார், அப்போது கூட்டாளி என்ன செய்தார் என்று எதிரணிக்காரர் எழுதட்டும். கூட்டாளி காலம் கடத்தினாரா, கண்ணாடி துடைத்தாரா என்பதையும் எழுதட்டும். ஒரே ஜோடி மூன்றாவது முறை வந்தால், அவர்கள் உடன்பாட்டை எல்லோருக்கும் வாசித்துக்காட்டிவிடலாம். நோட்டை நான் வாங்கித் தருகிறேன். பேனா அவரவர் கொண்டுவரவேண்டும்.