எண்ணூர்ல பாக்குறதுக்கு இன்னா கீது?

இந்த ஜனவரியில சித்தப்பா பொண்ணு நியூஜெர்சியிலேர்ந்து வந்திருந்தா. கூட மாப்பிள்ளை, ரெண்டு வாண்டுங்க. வந்த மூணாம் நாளே, "அண்ணா, ஒரு நாள் எங்களுக்கு மட்டும் தனியா காரு, கூட ஒரு கைடு, கடலோர கிராமமெல்லாம் சுத்திப் பாக்கணும். பசங்க கடலைப் பாத்திருக்காங்க, கடல்ல பொழைக்கிறவங்களைப் பாத்ததில்ல"ன்னா. நல்ல ஆசைதானே! உடனே ஒரு டூர் கம்பெனிக்கு போன் போட்டேன். (பேரு வேணாம் மக்களே, எல்லாரும் ஒரே மாதிரிதான்.)

கோவளம், மாமல்லபுரம், நடுவுல ஒரு ரிசார்ட்ல சாப்பாடு, 12,000 ரூபாய்ன்னு ஒப்பிச்சார். "சார், நாங்க இருக்குறது திருவொற்றியூர். வடக்கால ராயபுரம், காசிமேடு, எண்ணூர்னு போட்டுக் குடுங்களேன்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நார்த் சைடுல வியூ பாயிண்ட் எதுவும் இல்ல சார். குடும்பத்தோட வேற போறீங்க..."ன்னு இழுத்தார்.

கோவம்தான் வந்துச்சு. ஆனா போனை வெச்சப்புறம் யோசிச்சா, அந்த ஆளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? முதல் வேலைக்கு இன்டர்வியூ போனப்ப எங்க வீடுன்னு கேட்டாங்க. "பாரிஸ் கார்னர் தாண்டி"ன்னு சொன்னவன் நான். பாரிஸ் கார்னருக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல முழுசா ஒரு ஊரு இருக்கு! பொண்ணு பாக்க வர்றவங்க மணலி வாடைக்கு மூக்கைப் பொத்திப்பாங்களோன்னு பயந்து ஊதுபத்தி கொளுத்தி வெச்ச வீடுங்க எங்க தெருவுல உண்டு. நாமளே மறைச்ச ஊரை டூர் கம்பெனி எப்படிக் காட்டுவான்?

சரி, நாமளே காட்டுவோம்னு முடிவு பண்ணேன். எண்ணூர் காட்டுக்குப்பத்துல என்கூட பத்தாவது வரைக்கும் படிச்ச நண்பன் ஒருத்தன் இருக்கான். இன்னிக்கும் ஆத்துலதான் தொழில். "மச்சி, ஒரு நாள் எங்களுக்கு ஊர் சுத்திக் காட்டணும்டா"ன்னேன். "இங்க பாக்குறதுக்கு இன்னா கீது?"ன்னு சிரிச்சான். அப்புறம், "சரி, இட்டுனு வா"ன்னான்.

காலைல நாலரை மணிக்கெல்லாம் காசிமேடு. விசைப்படகு வரிசையா நிக்க, கூடை கூடையா மீன் எறங்குது, ஏலம் கூவுறாங்க. பசங்க தூக்கக் கலக்கம் போன எடம் தெரியல. சின்னவ, "மாமா, இவங்க ஏன் சண்டை போடுறாங்க?"ன்னு கேட்டா. "சண்டை இல்லம்மா, வெலை சொல்றாங்க"ன்னேன். :-) ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பப் போனீங்கன்னா இந்தக் காட்சி கெடைக்காது, கட்டிப்போட்ட படகுதான் இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ந் தேதியிலேர்ந்து இங்கேர்ந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிச்சு. பம்பாய்லயும் தானாவுலயும் முதல்ல கட்டின ஸ்டேஷன் கட்டடங்க இப்ப இல்ல, அதனால இந்தியாவுல இன்னும் நிக்கிற ஸ்டேஷன்லயே பழசு இதுதான். மாப்பிள்ளை தூணைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார். "இது ஏன் யாருக்கும் தெரியல?"ன்னு என்னையே கேட்டார். நான் என்னத்தச் சொல்ல?

அங்கேர்ந்து வடக்கால கெளம்பினோம். காலடிப்பேட்டை பேரு வந்த கதையைக் கார்லயே சொன்னேன். 1717லேர்ந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் பேருல நெசவாளருக்காக உண்டான ஊரு. காலெட் பேட்டைதான் நம்ம வாயில காலடிப்பேட்டை. திருவொற்றியூர்ல தியாகராஜர், வடிவுடையம்மன். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரும் பாடின தலம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கட்டிக்கிட்டதும் இங்கதான். கோயில்லேர்ந்து கடற்கரைப் பக்கம் வந்தா பட்டினத்தார் சமாதி. தேரடிக்கு 2022லேர்ந்து மெட்ரோவே ஓடுது. "ஒரு பில்லியன் டாலர் கேக்குற ஊரு அண்ணா இது"ன்னா தங்கச்சி. நமக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட ஆளில்ல.

கடலைப் பாத்ததும் பெரியவன் ஏமாந்துட்டான். "மணலே காணோமே மாமா, வெறும் பாறையா கெடக்கு?" நல்ல கேள்வி. நம்ம கடற்கரையில மணல் வருசத்துல பெரும்பாலும் தெக்கேர்ந்து வடக்கு நோக்கி நகரும். 1870கள்ல துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள சுவர் போட ஆரம்பிச்சதும் அந்த மணல் தெக்காலயே தங்கிடுச்சு. அதனாலதான் மெரினா அவ்ளோ அகலம். வடக்கால மணல் வரத்து நின்னு போச்சு, கடல் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. தெரு தெருவா, குப்பம் குப்பமா தின்னுச்சு. இப்ப நிக்கிற கருங்கல்லும் தூண்டில் வளைவும் அதைத் தடுக்கப் போட்டது. மெரினாவுல சுண்டல் சாப்பிடுறப்ப நாம கால் நீட்டி உக்காந்திருக்குறது பாதி எங்க ஊரு மணலு சாமி!

எண்ணூருக்குப் போனதும் நண்பன் கரையில காத்துக்கிட்டிருந்தான். கரையோரம் நண்டு வித்துக்கிட்டிருந்த ஒரு ஆயா எங்களை மேலயும் கீழயும் பாத்துச்சு. "ஆயில் வந்தப்ப ஊருபட்ட பேரு கேமராவோட வந்தாங்கோ. நீங்க இன்னா பாக்க வந்தீங்கோ?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. தங்கச்சிதான், "நண்டு வாங்கத்தான் ஆயா வந்தோம்"ன்னா. ஆயா சிரிச்சுட்டு, "அப்ப குந்து"ன்னு கூடையைத் தொறந்துச்சு. ஒரு கிலோவுக்கு சொன்ன வெலை கொஞ்சம் ஜாஸ்திதான். பேரம் பேச மனசு வரல.

அப்புறம் நண்பன் படகு. ஏறுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல சுற்றுலாப் படகு கவுந்து 22 பேர் செத்துப் போனாங்க. அதை எண்ணூர்ல எவனும் மறக்கல. "ஜாக்கெட்டு இல்லன்னா நம்ம படகுல பாப்பாவை ஏத்த மாட்டேன்"ன்னுட்டான்.

கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், கடல் மூணும் சேர்ற எடம் அது. கால்வாயோட முதல் துண்டு 1806ல மெட்ராஸ்லேர்ந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினது. பக்கிங்காம்ங்கிற பேரு 1878லதான் வந்துச்சு. உப்பும் விறகும் படகுல பட்டணத்துக்குப் போன வழி. ஒரு பக்கம் அலையாத்தி, கொக்கு, நாரை. இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. நண்பன் துடுப்பால அடியிலேர்ந்து கொஞ்சம் வாரி எடுத்துக் காட்டினான். பாதி சாம்பல். மீதி சின்னச் சின்னக் கருப்புச் சிப்பி. "இத்த காக்கா ஆழின்னுவோம். வெளிநாட்டுச் சரக்கு. அடியில கம்பளம் மாறி படர்ந்துக்குது. எறாலு எங்க மேயும்?" தென் அமெரிக்கக் கரையோரத்துச் சிப்பி அது, கப்பலோட வந்திருக்கணும்னு சொல்றாங்க.

அவன் தேதி தேதியா சொன்னான். 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதினப்ப பக்கெட்டுல எண்ணெய் அள்ளினது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துலேர்ந்து எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்தி எல்லாம் கருப்பானது. அதே மாசம் 26ந் தேதி ராத்திரி, பெரியகுப்பத்துப் பக்கம் கடலடிக் குழாய்லேர்ந்து அம்மோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடினது. சொல்லிக்கிட்டே வந்தவன் நடுவுல நிறுத்தி, "பாப்பா, அங்க பாரு, மடவை துள்ளுது!"ன்னான். அவனுக்கு ரெண்டும் ஒரே ஆறுதான்.

சாயங்காலம் முகத்துவாரத்துல வெயில் சாஞ்சப்ப தண்ணி முழுக்கத் தங்கத் தகடு. வியூ பாயிண்ட் இல்லன்னு சொன்னவரை ஒரு தடவை இட்டாரணும்.

இப்ப மேட்டருக்கு வரேன். இது மாதிரி பயணம் வரலாமா, கூடாதா? என் கட்சி: வரலாம், வரணும். ஆனா யாரு காட்டுறாங்கங்கிறதுதான் முக்கியம்.

"கஷ்டப்படுற ஊரை வேடிக்கை பாக்க டிக்கெட்டா?"ன்னு நீங்க கேப்பீங்க. ஞாயமான கேள்விதான், ஆயாவும் அதைத்தான் கேட்டுச்சு. ஆனா யாரும் பாக்காம விட்டதாலதான் இந்த ஊருக்கு எல்லாக் குப்பையும் வந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். "அங்க ஒண்ணுமில்ல, புறம்போக்கு"ன்னு சொன்ன எடத்துலதான் சாம்பல் கொட்ட முடியும். டி.எம்.கிருஷ்ணா 2017ல 'சென்னை புறம்போக்கு பாடல்' படம் புடிச்சது இதே ஆத்தங்கரையிலதான். அதைப் பாத்தப்புறம்தான் சென்னையிலயே நெறைய பேருக்கு இப்படி ஒரு ஆறு இருக்கறது தெரிஞ்சுது. பாத்தவங்க எண்ணிக்கை கூடினா, அடுத்த தடவை எண்ணெய் வந்தா கேக்குற வாயும் கூடும்.

இன்னொரு பயமும் உண்டு. அழகுன்னு சொன்னா ரிசார்ட்டுக்காரன் வந்துருவானே? ஈ.சி.ஆர்ல வலை காயப்போட்ட எடத்துல காம்பவுண்டு சுவர் நிக்கிறதைப் பாத்தவங்கதானே நாம. அதனாலதான் சொல்றேன், பஸ்ஸு பஸ்ஸா வேணாம். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், ஒரு படகு, ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரிஞ்சு, ஊர்க்காரனே வழிகாட்டி. அவன் இல்லாம நான் மட்டும் கூட்டிட்டுப் போயிருந்தா புகைபோக்கியை மட்டும் காட்டி உச்சு கொட்டிட்டு வந்திருப்பேன். காக்கா ஆழியும் எனக்குத் தெரியாது, மடவையும் கண்ணுல பட்டிருக்காது.

இனிமே சொல்லப் போறது எனக்கே வெக்கமான விஷயம். அன்னிக்கு அவனுக்குக் காசு குடுக்கப் போனேன். "ஃப்ரெண்டுகிட்ட காசாடா?"ன்னு தள்ளி விட்டான். நானும் சரின்னு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு அவன் சம்சாரம் போன்ல வேற எதோ பேசறப்ப வாய் தவறி சொல்லிடுச்சு: "அன்னிக்கு எங்க பாடுண்ணே. அவரு போல."

பாடுன்னா தெரியாதவங்களுக்கு: ஆத்துல இன்ன எடத்துல இன்ன நாள் வலை கட்டறது இன்னாரோட முறைன்னு குப்பத்துக்காரங்க காலங்காலமா வெச்சிருக்குற கணக்கு. பழவேற்காட்டுலயும் இருக்கு. முறை போச்சுன்னா அடுத்த சுத்துக்குத்தான். அவன் தன் முறையை விட்டுட்டுத்தான் எங்களுக்குக் கொக்கு காட்டியிருக்கான். டூர் கம்பெனிக்கு 12,000 குடுக்கத் தயாரா இருந்த நான், இவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

மறுநாளே ஓடினேன். முழுசா அதே 12,000 கொண்டு போனேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில பாதியை எடுத்துக்கிட்டு, "மீதி அடுத்த தபா வர்றவங்களுக்குக் கழிச்சுக்கோ"ன்னான். அதனால மக்களே, மொதல்லயே ரேட்டு பேசிடுங்க. சிநேகிதம், பாசம்னு சொல்லி ஓசியில ஊர் சுத்துறதைவிட அசிங்கம் வேற இல்ல. அனுபவஸ்தன் சொல்றேன்.

அவன்கிட்ட இப்ப 6,000 ரூபாய் பாக்கி வெச்சிருக்கேன். அதைத் தீர்க்க யாராவது வந்தாகணும். வர்றவங்க கை தூக்குங்க. அவன் பாடு இல்லாத நாளாப் பாத்து சொல்றேன்.

பி.கு:
1. கார் வேணும்னு கட்டாயம் இல்ல. பீச் ஸ்டேஷன்லேர்ந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாத்தையும் தொட்டுக்கிட்டுத்தான் போகுது.
2. ஆளுங்களை போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க. வேணாம்னா விட்டுடுங்க.
3. தொப்பி, தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. காலி பாட்டிலைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. ஆத்துல இருக்குறது போதும்.
4. ஆயாகிட்ட நண்டு வாங்குங்க. பேரம் உங்க இஷ்டம். :-)