கல்கத்தாவில் நாலு நாள்

ஊர் சுற்றிவிட்டு வந்தவளிடம் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன பார்த்தே?" என்பதுதான். "நீ சந்தோஷமா இருந்தியா?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை! அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டு இந்தத் தடவை எழுதுகிறேன்.

போன அரைப் பரீட்சை லீவுக்கு நாங்கள் ஐந்து பேர் கல்கத்தா போனோம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், பத்து வயதுப் பெரியவன், ஆறு வயதுச் சின்னவள். (2001லிருந்து அந்த ஊரின் பெயர் கொல்கத்தா. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் வருவது கல்கத்தாதான்.)

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் ஒரு நோட்டில் பார்க்க வேண்டிய இடங்களை எழுத ஆரம்பித்துவிட்டார். மொத்தம் பதினேழு! நாலு நாளைக்குப் பதினேழு இடம். நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கேட்ட அந்தப் பெரிய ஆலமரம். நோட்டில் அது பதினேழாவது. பக்கத்தில், 'நேரம் இருந்தால்' என்று வேறு எழுதியிருந்தார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் திறக்கிறோம்?

முதல் நாள்: பாலமும் பூவும்

சென்னையிலிருந்து ஒரு நாளுக்கும் மேலே ரயில். கோதாவரிப் பாலமும், ஒரிசாவின் சிலிகா ஏரியும் வழியிலேயே பார்த்தாயிற்று. ஹௌராவில் இறங்கி வெளியே வந்தால் எதிரே பாலம். 1943ல் திறந்த பாலம் அது. ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. நட்டு, போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவிட் அடித்தே கட்டியிருக்கிறார்கள் என்று பெரியவனுக்கு அவர் விளக்கினார். பாலத்தைப் பார்க்கச் சிறந்த இடம் பாலம் இல்லை, படகு! ஸ்டேஷனுக்கு எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளி ஆற்றைக் கடக்கலாம். குழந்தைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

பாலத்தின் கல்கத்தாப் பக்கத்தில், காலடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. விடியற்காலையில் போக வேண்டும். செண்டுமல்லி மாலைகளை மலைமலையாகக் குவித்திருக்கிறார்கள். தரையெல்லாம் சகதி, அதனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். "இத்தனை பூ இருக்கு, ஒருத்தி தலையிலும் காணோமே!" என்று என் மாமியாருக்கு வருத்தம். அங்கே பூவெல்லாம் சாமிக்கு. சுமங்கலிகளுக்கு அடையாளம் கையில்தான். வெள்ளைச் சங்கு வளையல் ஒன்று, சிவப்பு வளையல் ஒன்று. நம் தாலிக்கு உள்ள மரியாதை அதற்கு.

மத்தியானம் அருங்காட்சியகம். 1814ல் ஆரம்பித்தது. இந்தியாவிலேயே பழையது. அந்த ஊர்க்காரர்கள் அதை 'ஜாதுகர்', அதாவது மாய வீடு என்கிறார்கள். எகிப்து நாட்டு மம்மி, பெரிய பெரிய மிருகங்களின் எலும்புக்கூடுகள், பர்ஹுத் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தர் காலத்துக் கதைகள் செதுக்கிய கல்வேலி... ஒரு மணி நேரத்தில் சின்னவள் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு இடம் பாக்கி!"

சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வந்தபோது கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடை தேடச் சோம்பி, ஒரு குழாயில் பாட்டிலை நிரப்பினேன். போதாததற்குக் குழந்தைகள் ஆசைப்பட்டார்களே என்று 'புச்கா' வாங்கிக் கொடுத்தேன். நம் பானி பூரிதான், புளித்தண்ணீர் கொஞ்சம் காரம். தப்பு யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

இரண்டாம் நாள்: கோயிலும் சாப்பாடும்

காலையில் மெட்ரோ ஏறித் தட்சிணேசுவரம். இந்தியாவிலேயே முதல் மெட்ரோ 1984ல் இந்த ஊரில்தான் ஓடியது. 2024 மார்ச்சிலிருந்து ஆற்றுக்கு அடியிலேயும் ஓடுகிறது. ராணி ராசமணி என்ற விதவைப் பெண்மணி கட்டி, 1855ல் கும்பாபிஷேகம் செய்த காளி கோயில். ராமகிருஷ்ணர் பூஜை செய்த இடம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து படகில் பேலூர் மடம் போகலாம். மாமியார் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மனசில்லை. "இங்கேயே இருக்கேனே, நீங்க போயிட்டு வாங்க" என்றார். நோட்டு விட்டால்தானே!

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். நாங்கள் சைவம். "மீன் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். 'நிராமிஷ்' என்ற ஒரு வார்த்தை போதும், அங்கே சைவத்துக்கு அதுதான் பெயர். மைதாவில் வெள்ளையாக உப்பிய 'லூச்சி', தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, உருளைக்கிழங்கு 'ஆலூர் தொம்', கத்தரிக்காய் வறுவல், கடைசியில் இனிப்பாகத் தக்காளிச் சட்னி. குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணியை அரைத்து உள்ளே வைத்த கசோரி கிடைக்கும், விடாதீர்கள். அந்த மாதங்களில்தான் புது ஈச்ச வெல்லமும் வரும். அதில் செய்த சந்தேஷை வாயில் போட்டால் கரைகிறது. மாமியார் ரெண்டு சாப்பிட்டுவிட்டு, "சர்க்கரைக்கு மாத்திரை போட்டாச்சு" என்று மூன்றாவதுக்குக் கை நீட்டினார்.

மிஷ்டி தொய் என்ற இனிப்புத் தயிரை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் பாலைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வரை சுண்டக் காய்ச்சுங்கள். 150 கிராம் சர்க்கரையில் நாலு ஸ்பூனை மட்டும் தனியே எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தேன் நிறத்துக்கு உருக்குங்கள். கருக விடக்கூடாது, கசக்கும். அதையும் மீதிச் சர்க்கரையையும் பாலில் மெள்ளச் சேர்த்துக் கரையுங்கள். பொங்கித் தெறிக்கும், ஜாக்கிரதை. விரல் பொறுக்கும் சூட்டில் ரெண்டு ஸ்பூன் கெட்டித் தயிர் கலந்து, மண்சட்டியில் ஊற்றி மூடி, துணி சுற்றி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். மண் நீரை இழுத்துக்கொள்வதால் கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாகும்.

அன்று ராத்திரி ஒரு மணிக்குச் சின்னவள் எழுந்து வாந்தி எடுத்தாள்.

மூன்றாம் நாள்: அறைக்குள்

விடிவதற்குள் நாலு தடவை வாந்தி, ஐந்து தடவை பேதி. கண் குழிந்த மாதிரி இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பாஷை தெரியாத ஊர். லாட்ஜ்காரர் பக்கத்துத் தெரு டாக்டரைக் காட்டினார். வயசானவர். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?" என்று இங்கிலீஷில் கேட்டார். ரெண்டு மணி நேரம் முன்பு என்றேன். "அப்படின்னா ஊசி, பாட்டில் எதுவும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கொடுங்க. நீங்கதான் இப்ப நர்ஸ்" என்றார்.

நான் நம்பாமல் விழித்ததைப் பார்த்து ஒரு கதை சொன்னார். 1971ல் வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா. தரையெல்லாம் நோயாளிகள், சலைன் பாட்டில் போதவில்லை. அப்போது கல்கத்தாவிலிருந்து போயிருந்த டாக்டர் திலீப் மகலநாபிஷ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம் டிரம்மாக வைத்தார். கூட வந்த அம்மா, அக்கா, பாட்டி கையில் டம்ளரைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022ல் அவர் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இன்று நம் மருந்துக்கடையில் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தை உலகம் நம்பியதற்குப் பின்னால் அவரும் இந்த ஊரும் இருக்கிறார்கள். அவர் வைத்தியம் பார்த்த ஊரிலேயே என் குழந்தைக்கு அது கிடைத்தது!

அறைக்கு வந்து, பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்தேன். பாதிப் பொட்டலம், அரை லிட்டர் என்று பிரிக்கக்கூடாது. ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி இன்னும் மெதுவாக. ஒவ்வொரு பேதிக்கும் பிறகு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. மத்தியானம் கஞ்சி. 14 நாளைக்குத் துத்தநாக மருந்து எழுதித் தந்திருந்தார். சாயங்காலம் மூன்று மணிக்கு, "அம்மா, பசிக்குது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். குழந்தையின் துணியெல்லாம் அலசிக் கொடியில் தொங்கியது. அலசியது அவர்! பெரியவன் தண்ணீர் கேன் வாங்கி வந்து எல்லோர் பாட்டிலையும் நிரப்பியிருந்தான். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே போய் இட்லியும் காபிப்பொடியும் அப்பாவும் பிள்ளையும் வாங்கி வந்திருந்தார்கள். மாமியார் என்னைப் பிடித்துப் படுக்கவைத்தார். "நீ ரெண்டு மணி நேரம் தூங்கும்மா. நான் ஸ்பூனைப் பிடிச்சுக்கறேன். உன் புருஷனை நான்தானே வளர்த்தேன்?"

வீட்டில் நான் ஒரு நாள் படுத்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அவர் நோட்டை எடுத்தார். மிருகக்காட்சிசாலை, சயன்ஸ் சிட்டி, கோளரங்கம் என்று ஒவ்வொன்றாக அடித்தார். "நாளைக்கு நீ சொல்ற இடம் மட்டும்" என்றார்.

நாலாம் நாள்: ஆலமரம்

ஹௌரா பக்கம் சிப்பூரில் இருக்கிறது தாவரவியல் பூங்கா. 1787ல் ஆரம்பித்தது. டாக்ஸியில் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு மாதிரி இருக்கிறது. ஒரே மரம் என்று நம்ப முடியவில்லை. வயது 250க்கும் மேல். மூன்றரை ஏக்கருக்கும் அதிகமாக விரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் விழுதுகள். சின்னவள் அப்பா தோளில் சாய்ந்தபடியே எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டாள்.

பலகையில் இருந்ததை அவர் படித்துச் சொன்னார். புயலில் அடிபட்டு, பூஞ்சைக்காளான் பிடித்ததால் 1925லேயே அடிமரத்தை வெட்டி எடுத்துவிட்டார்களாம். மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடிமரம் இல்லாமலே நூறு வருஷமா நிக்குதா! அப்ப எது தாங்குது?"

"விழுதுதான் பாட்டி" என்றான் பெரியவன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. அவர்களே பிரித்து எனக்கும் கொடுத்தார்கள். ரெண்டு மணி நேரம் அப்படியே இருந்தோம்.

பதினேழில் நாங்கள் பார்த்தது ஆறு. விக்டோரியா நினைவு மண்டபத்தை வெளியிலிருந்துதான் பார்த்தோம். ஊரில் கேட்டவர்கள், "அவ்வளவு தூரம் போயிட்டு உள்ளே போகலையா!" என்றார்கள். பரவாயில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

நீங்கள் புறப்படும் முன்...

• ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுக்கை கட்டாயம்.

• வீட்டில் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய இடம் ஒன்று சொல்லட்டும். பட்டியலில் உங்கள் இடத்தை மேலே எழுதுங்கள், கடைசியில் அல்ல.

• அருங்காட்சியகமும் விக்டோரியா மண்டபமும் திங்கள்கிழமை விடுமுறை. டிராம் 1873ல் தொடங்கிய ஊர் அது. இப்போது மிஞ்சியிருப்பது ஓரிரு தடங்கள்தான், விசாரித்துக்கொண்டு ஒரு தடவை ஏறிவிடுங்கள்.

• டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். கரியாஹாட்டில் கஞ்சி போட்ட வங்காளப் பருத்திப் புடவை வாங்கினால், முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள்.

• பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு அதிகமானால் ஆபத்து, அளவு தப்பக்கூடாது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

• குழந்தை ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, பேதியில் ரத்தம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்பூனை நம்பி உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த லீவுக்கு எங்கே என்று இப்போதே பேச்சு நடக்கிறது. இந்தத் தடவை நோட்டு என் கையில்!