கப்பல் சும்மா... உதிரிபாகம்?

ஐயம்பேட்டையில் பழைய தறி வாங்கப் போகிறவர் விலையை அப்புறம்தான் பேசுவார். ஜக்கார்டு பெட்டியில் ஊசி உடைந்தால் எங்கே கிடைக்கும் என்பதே முதல் கேள்வி. டில்லியில் அப்படிக் கேட்க ஆளில்லை போலும்!

2004-ல் ரஷ்யாவின் 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஒப்பந்தம். கப்பல் சும்மா, புதுப்பிக்க மட்டும்தான் காசு என்றார்கள். 97.4 கோடி டாலர் என்று பேசியது 235 கோடியில் போய் நின்றது. 2012 சோதனை ஓட்டத்தில் கொதிகலன்கள் பழுது. 2013 நவம்பரில்தான் 'விக்ரமாதித்யா'வாகக் கைக்கு வந்தது.

சரி, கப்பலாவது மிதக்கிறது. அதில் ஏறும் மிக்-29கே? 2016-ல் வந்த சிஏஜி அறிக்கையைப் பாருங்கள். பறக்கத் தகுதியாக இருந்தவை சுமார் 16 முதல் 38 சதவீதம்தான். 65 இன்ஜின்களில் 40, வடிவமைப்புக் கோளாறால் கழற்றப்பட்டவை அல்லது நிராகரிக்கப்பட்டவை. ஐந்தொகையில் மட்டும் சொத்து, ஆகாயத்தில் இல்லை.

1971-ல் பழைய விக்ராந்த், கொதிகலன் விரிசலோடு போய்ச் சிட்டகாங்கைத் தாக்கவில்லையா என்பார்கள். தாக்கியது. அது மாலுமிகளின் துணிச்சல். பிரிட்டன் பாதியில் நிறுத்திய கப்பலை 1957-ல் வாங்கியவர்களின் சாமர்த்தியம் அல்ல (இரண்டையும் ஒரே கணக்கில் வரவு வைப்பது நம் ஊர் வழக்கம்).

2022-ல் வந்த புது விக்ராந்த் கொச்சியில் கட்டியது, எஃகும் உள்நாட்டுச் 'செயில்' ஆலைகளுடையது. நல்லது. ஆனால் டர்பைன் நான்கும் அமெரிக்க வடிவம். விமானத்துக்கோ 2025-ல் பிரான்சோடு 26 ரஃபேல்-எம் ஒப்பந்தம். பராமரிப்பும் சேர்த்திதான் என்கிறார்கள். அந்தக் காலம் முடிந்த மறுநாள் ஒரு சின்ன வால்வு போனால் யார் செய்வது, என்ன விலைக்கு?